எதிர்க்காற்றும் ஈர இறக்கமும்

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தில், அதிலும் மலையும் மழையும் சேர்ந்து வரும் பயணத்தில், ஓட்டுபவரைத் தோற்கடிப்பது ஏற்றம்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உடலில் உண்டாகும் ஆற்றலையும் அதிலிருந்து வெளியேறும் ஆற்றலையும் எண்களாக எழுதிப் பார்த்தால் இந்தக் கருத்து பாதியளவுக்கே நிலைக்கிறது. ஏற்றம் கேட்கும் விலையை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஏற வேண்டிய உயரமும் ஏற்றப்படும் எடையும் தெரிந்தால் போதும். எதிர்க்காற்றின் விலையோ மணிக்கு மணி மாறுகிறது. மழையில் நனைந்த இறக்கம் இன்னும் வஞ்சகமானது. மிதிக்காமல் கிடைக்கும் தொலைவு என்ற தோற்றத்தில் வந்து, ஏற்றத்தில் உடல் திரட்டி வைத்த வெப்பத்தையும் அட்டவணையில் சேமிக்க வேண்டிய நேரத்தையும் ஒருசேர எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்த அத்தியாயத்தில் பேசப்படும் பயண வகைக்குப் பிரெவே என்று பெயர். இது பந்தயம் அன்று. முதலிடம், இரண்டாமிடம் என்பன இதில் இல்லை. குறித்த தொலைவைக் குறித்த நேரத்துக்குள், வழித்துணை வாகனம் இன்றி, ஓட்டுபவர் தம் உணவையும் பழுதுபார்ப்பையும் தாமே பார்த்துக்கொண்டு முடிக்க வேண்டும் என்பதே விதி. வழியில் கன்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்பது காலவரம்பு. எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. வருகிறது. இது எளிய வேகமாகத் தோன்றும்; சாப்பாடு, தூக்கம், பஞ்சர், வழிதவறல் ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய சராசரி அது என்பதை நினைவில் கொண்டால் அந்த எளிமை குறைந்துவிடும்.

இவ்வகைப் பயணங்களின் மூத்த வடிவம் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-இல் ‘லு பெத்தி ழுர்னால்’ என்னும் செய்தித்தாள் அதைப் பந்தயமாகத் தொடங்கியபோது ஷார்ல் தெரோன் சுமார் 1,200 கி.மீ. தொலைவை 71 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டி வென்றார். இன்று அது பந்தயத் தன்மையை இழந்து, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலோருக்கு 90 மணி நேர வரம்புடன், பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்தால் நடத்தப்படுகிறது. அதன் வழியில் பெயர்பெற்ற உயர்ந்த கணவாய் ஒன்றுகூட இல்லை. ஆயினும் சிறு மேடுகளையெல்லாம் கூட்டினால் மொத்த ஏற்றம் 11,000 மீட்டரைத் தாண்டுகிறது. 2007-ஆம் ஆண்டில் நாள்கணக்காக மழை நீடித்தபோது, வழக்கமான ஆண்டுகளைவிட மிகுதியானோர் இடையில் கைவிட்டனர். சாலை மாறவில்லை, மேடுகள் மாறவில்லை, காலவரம்பும் மாறவில்லை. மாறியது வானிலை மட்டுமே. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா என்னும் அமைப்பின் கீழ்ச் சென்னை, கோவை போன்ற நகரங்களின் ஓட்டுநர் குழுக்கள் பிரெவேக்களை நடத்துகின்றன. ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 ஆகிய நான்கையும் முடிப்பவருக்குச் சூப்பர் ராண்டனூர் என்ற தகுதி கிடைக்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஒரு மலைப் பயணம் தொடங்குவதாகக் கொண்டால், வானிலை என்னும் சொல்லுக்குள் அடங்கும் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். துறைமுகமும் உப்பளங்களும் கடல் மட்டத்தில் கிடக்கின்றன. மேற்கே சுமார் 50 கி.மீ.யில் திருநெல்வேலி, அதற்கு மேலும் அவ்வளவே தொலைவில் தென்காசியும் குற்றாலமும், அதன்பின் மேற்குத் தொடர்ச்சி மலை எழுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கச் சரிவில் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை போன்ற இடைவெளிகள் வழியாகப் பாய்ந்து, நெல்லை, தூத்துக்குடிச் சமவெளிகளை வறண்ட கடுங்காற்றாகக் கடக்கிறது. இக்கடற்கரை மீனவர் கச்சான் என்று அழைக்கும் காற்று இந்தத் திசைக்குரியதே. 1986-இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று, 55 கிலோவாட் திறனுள்ள சிறு ஆலைகளைக் கொண்டு தூத்துக்குடிக் கடற்கரையில் நிறுவப்பட்டதற்கும், இன்று கயத்தாறு, முப்பந்தல் பகுதிகள் முழுவதும் காற்றாலைகள் நிறைந்து நிற்பதற்கும் இதுவே காரணம். மின்வாரியத்துக்கு வரமாக அமையும் இக்காற்று, மேற்கு நோக்கி மிதிப்பவருக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம்.

ஓட்டுபவர், மிதிவண்டி, பை எல்லாம் சேர்ந்து 85 கிலோ எடை என்றும், அவர் நாள் முழுவதும் தாங்கக்கூடிய உழைப்பாக மிதிகட்டையில் சுமார் 110 வாட் ஆற்றலைச் செலுத்துகிறார் என்றும் வைத்துக்கொள்ளலாம். காற்றற்ற சமதளத்தில் இந்த ஆற்றல் மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தரும். அதில் டயர் உருளும்போது உண்டாகும் தடை விழுங்குவது 35 வாட் அளவு. எஞ்சிய பெரும்பகுதியைக் காற்றை விலக்குவதற்கே செலவிட வேண்டியிருக்கிறது. காற்றுத்தடை என்னும் விசை, காற்றுக்கும் உடலுக்கும் இடைப்பட்ட ஒப்பு வேகத்தின் இருமடியாக, அதாவது அந்த வேகத்தை அதனாலேயே பெருக்கி வரும் அளவுக்கு, வளர்கிறது. மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்று வீசினால் 25 கி.மீ. வேகத்தில் செல்பவர்மேல் மோதும் காற்றின் வேகம் 45 ஆகிறது. தடை மூன்று மடங்குக்கு மேல் உயர்கிறது. அந்த வேகத்தைக் காக்க விரும்புபவர் 110 வாட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 280 வாட் செலுத்த வேண்டும். பயிற்சி பெற்ற உடலும் அதைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சரிவுக் கணக்கில் சொன்னால், தட்டையான உப்பளச் சாலை 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் முடிவில்லாத மேடாக மாறிவிடுகிறது.

அறிவுள்ள ஓட்டுநர் உழைப்பைக் கூட்டாமல் வேகத்தை விட்டுக்கொடுப்பார். அதே 110 வாட்டில், அதே எதிர்க்காற்றில், அவருக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. இந்த எண் பிரெவேயின் காலவரம்பு வேகத்தோடு ஒன்றிப்போவது தற்செயல்தான். ஆனால் நடைமுறையில் அது குரூரமான தற்செயல். மிதமான கச்சான் ஒன்று, ஒரு மேட்டைக்கூட ஏறுவதற்கு முன், ஓட்டுபவரின் சேமிப்பு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, தேநீர் குடிக்கக்கூட இடம் வைக்காமல் விட்டுவிடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே என்று ஆறுதல் சொல்வதுண்டு. கணக்கு அதை முழுமையாக ஏற்பதில்லை. 50 கி.மீ. தொலைவை எதிர்க்காற்றில் கடக்க 3 மணி 20 நிமிடமும், பின்காற்றில் மணிக்கு 38 கி.மீ. அளவில் திரும்ப 1 மணி 20 நிமிடமும் ஆகின்றன. காற்றில்லாத நாளில் 4 மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் 4 மணி 40 நிமிடம் பிடிக்கிறது. மெதுவாகச் செல்லும் பகுதியில் ஓட்டுபவர் அதிக நேரம் இருக்கிறார் என்பதே இந்த நட்டத்தின் காரணம்.

மலைக்கு வந்தால் கணக்கு நேர்மையாகிறது. 85 கிலோவை 1,500 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் 12.5 லட்சம் ஜூல், அல்லது சுமார் 300 கிலோகலோரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான ஏற்றம் ஏறத்தாழ இந்த அளவுதான். மனிதத் தசை, உணவிலிருந்து பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதையே இயக்கமாக மாற்றும், மீதமெல்லாம் வெப்பம். ஆகவே அந்த ஏற்றத்துக்கு உடல் செலவழிப்பது 1,300 கிலோகலோரி, அதாவது இருபத்தைந்து இட்லிகளுக்குக் குறையாத உணவு. 6 விழுக்காடு சரிவில் 25 கி.மீ. நீளும் சாலையில், ஏற்றத்துக்கென்று உழைப்பை 150 வாட்டாக உயர்த்தினாலும் வேகம் மணிக்கு 9.5 கி.மீ.தான், மேலே சேர 2 மணி 38 நிமிடம் ஆகும். 15 கி.மீ. சராசரிக்கு இது கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கடன்.

உலர்ந்த நாளில் இந்தக் கடனை இறக்கம் அடைத்துவிடும். அதே 25 கி.மீ.யை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 37 நிமிடம் போதும். ஏறி இறங்கிய 50 கி.மீ.க்கு மொத்தம் 3 மணி 15 நிமிடம், சராசரி 15.4. வரம்புக்குள் தப்பித்தாயிற்று. மழையில், கொண்டை ஊசி வளைவுகளில், 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போக அஞ்சுபவருக்கு இறக்கமே ஒரு மணி நேரம் பிடிக்கும், சராசரி 13.8 ஆகிவிடும். ஏற்றத்தை அவர் அதே திறத்துடன்தான் ஏறினார். அட்டவணை கைநழுவியது இறக்கத்தில்.

நேரத்தைவிடப் பெரிய இழப்பு வெப்பத்தில் நிகழ்கிறது. அதைப் புரிந்துகொள்ள உடலின் வெப்ப வரவுசெலவைக் கடற்கரையிலிருந்தே தொடங்க வேண்டும். 150 வாட் உழைப்பைத் தரும் உடல் உள்ளுக்குள் சுமார் 500 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றும் முதன்மை வழி வியர்வை ஆவியாதல். தோலின்மேல் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 500 வாட்டைச் சமன்செய்ய மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் போதும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை; சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்ச்சி தருவதில்லை. தூத்துக்குடியின் ஈரக் கடற்காற்றில் வியர்வை சொட்டுகிறது, கயத்தாற்றின் வறண்ட மேல்காற்றில் அது தெரியாமலே மறைகிறது. பின்னதில் உடல் நன்றாகக் குளிர்வதால் தாகம் உறைக்காமல் நீரிழப்பு கூடிவிடுகிறது. இங்கு வளர்ந்த ஓட்டுநர்கள் வெப்பத்தை வெளியேற்றுவதில் பழகியவர்கள். வெப்பத்தைக் காப்பது அவர்களுக்குப் புதிய பாடம்.

காற்று மண்டலத்தில் 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கரையில் 28 டிகிரி இருக்கையில் 1,500 மீட்டர் உயரத்தில் 18 டிகிரி. மழையும் இரவும் சேர்ந்தால் 14, 15. ஏற்றத்தில் இது சுகமாகவே இருக்கும். 500 வாட் வெப்பம் உள்ளிருந்து வந்துகொண்டிருக்க, வேகம் குறைவாக இருப்பதால் காற்றும் உடலில் அறைவதில்லை. உச்சியைத் தாண்டியதும் இரண்டு மாற்றங்கள் ஒரே நிமிடத்தில் நிகழ்கின்றன. கால்கள் நின்றுவிடுவதால் வெப்ப உற்பத்தி 100 வாட் அளவுக்குச் சரிகிறது. நனைந்த உடைமேல் காற்று விரைந்து அடிப்பதால் இழப்பு 400 வாட்டைத் தாண்டுகிறது. நொடிக்கு 300 ஜூல் பற்றாக்குறை அரை மணி நேரம் நீடித்தால் மொத்தம் 5.4 லட்சம் ஜூல்; 68 கிலோ உடலின் சராசரி வெப்பநிலையை 2 டிகிரிக்கு மேல் இறக்கப் போதுமான அளவு. இது முழு உடலுக்கான சராசரி. முதலில் குளிர்வது தோலும் கைகால்களும். இதயமும் மூளையும் இருக்கும் உள்ளுடலை 37 டிகிரியில் காப்பதற்காக வெளிப்பகுதிகளின் இரத்த ஓட்டத்தை உடல் சுருக்கிக்கொள்கிறது. உள்ளுடல் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலையை மருத்துவம் தாழ்வெப்பநிலை என்கிறது. பனி விழாத ஊர்களில் அந்த நிலை வராது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

நீரில் மூழ்கித் தொழில் செய்தவர்களின் அனுபவம் இதற்குச் சான்று. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். எனவே ஓய்வாக இருக்கும் உடல் வெப்பம் இழக்காமல் இருக்க நீர் 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், அதாவது சிப்பிகள் படியும் கடலடிப் பாறைத் திட்டுகளில், 28 டிகிரி நீரில் நாள் முழுவதும் மூழ்கி எழுந்த குளியாட்களும் உடல்வெப்பத்தைத் தொடர்ந்து இழந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். கொரியக் கடலில் சிப்பியும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்களை 1960-களில் சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் ஆகிய உடலியங்கியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, பருத்தி உடையுடன் 10 டிகிரிக் குளிர்காலக் கடலில் இறங்கிய அப்பெண்கள் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரிக்கு வந்ததும் கரையேறியதைக் கண்டனர். வேலை நேரத்தை வரையறுத்தது மூச்சைவிட வெப்பமே. தூத்துக்குடி முத்துக்குளிப்பு இன்னொரு வகையிலும் கவனத்துக்குரியது. 1961-இல் கடைசியாக நடந்து முடிந்த அத்தொழில், காலங்காலமாக இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மார்ச் முதல் மே வரையிலான அமைதிக் காலத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. கடல் கலங்கினால் படகுகள் போவதில்லை. பிரெவே நாள்காட்டியோ பல மாதங்கள் முன்பே அச்சாகிவிடுகிறது, வானத்தைக் கேட்டு அது எழுதப்படுவதில்லை. தொழில் செய்பவர் வானிலையைத் தேர்ந்தெடுக்க, பொழுதுபோக்குக்காக வருபவர் தேர்ந்தெடுக்காமல் புறப்படுகிறார் என்பது வியப்புக்குரிய தலைகீழ் நிலை.

குளிர் முதலில் கெடுப்பது விரல்களை. விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது நுண்ணிய அசைவுகள் தடுமாறத் தொடங்குகின்றன. பிரேக் பிடியை அழுத்தவும், கியர் மாற்றவும், உணவுப் பொட்டலத்தைக் கிழிக்கவும் முடியாமல் போகிறது. 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லியேழ்–பஸ்தோன்–லியேழ் பந்தயத்தில் பனிப்பொழிவுக்கிடையே புறப்பட்ட 174 பேரில் 21 பேர் மட்டுமே முடித்தனர். ஒன்பது நிமிடத்துக்கு மேற்பட்ட முன்னிலையுடன் வென்ற பெர்னார் இனோவின் விரல்கள் குளிரால் நிலையான பாதிப்புக்கு உள்ளாயின. 1988 ஜூனில் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் 2,621 மீட்டர் உயரமுள்ள காவியா கணவாயைப் பனிப்புயலில் கடந்தபோது, பலர் நிலைகுலைந்தது ஏறும்போது அன்று, போர்மியோ நோக்கி இறங்கும்போதுதான். அன்று முன்னிலைச் சட்டையைக் கைப்பற்றி இறுதியில் முழுப் பந்தயத்தையும் வென்ற ஆண்டி ஹாம்ப்ஸ்டனுக்குக் கால்வலிமையோடு, அவருடைய அணியினர் முன்னதாகவே வாங்கி வைத்திருந்த குளிர் உடைகளும் கைகொடுத்தன.

உடையைப் பொறுத்தவரை முக்கியமானது தடிமனைவிட, அதனுள் அடைபட்டு நிற்கும் அசையாக் காற்று. நனைந்த பருத்தி அந்தக் காற்றை விரட்டி நீரை நிரப்பிக்கொள்கிறது. கம்பளி நனைந்தபின்னும் ஓரளவு காற்றைப் பிடித்துவைக்கும். இறக்கத்துக்கு முன் மார்புச் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வது ஐரோப்பியப் பந்தய ஓட்டுநரின் பழைய வழக்கம். காற்றைத் தடுக்கும் எந்தத் தாளும் அந்த வேலையைச் செய்யும், மழையில் அது கூழாகும் வரைக்கும். மழைச்சட்டையை எப்போது அணிவது என்பதும் கணக்குக்கு உட்பட்டதே. ஏற்றத்தில் அணிந்தால் வியர்வை ஆவியாக வழியின்றி உள்ளாடை நனைந்துவிடும். இறக்கத்தின் பாதியில் அணிந்தால் இழக்க வேண்டியதை இழந்தாயிற்று. உச்சியில், உடல் இன்னும் சூடாகவும் விரல்கள் ஜிப்பை இழுக்கத்தக்கனவாகவும் இருக்கும் இரண்டு நிமிடமே அதற்கு ஏற்றது. இறங்கும்போது பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டே வரும் ஓட்டுநர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு; கணக்கு சிரிப்பவர்கள் பக்கம் இல்லை. 50 வாட் அளவுக்கு மிதித்தாலே அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் உடலுக்குள் சேர்கிறது. வேகம் பாதியானால் காற்று பறிக்கும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் பற்றாக்குறை ஏறக்குறைய மறைந்துவிடும்.

மழைச் சாலையின் வழுக்கல் பற்றி ஒரு தவறான அச்சத்தையும் ஒரு சரியான அச்சத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கார் டயர் வேகத்தில் நீர்ப்படலத்தின்மேல் ஏறி மிதப்பது போல மிதிவண்டி டயரும் மிதக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. விமான டயர்களுக்காக நாசா ஆய்வாளர்கள் வகுத்த சூத்திரத்தின்படி, மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தைச் சார்ந்தது, 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. அந்த வேகத்தை எட்டுபவருக்கு வேறு கவலைகள் இருக்கும். உண்மையான ஆபத்து, நீர்ப்படலம் பட்ட வழவழப்பான பரப்புகளில் இருக்கிறது: சாலையின் வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையில் மேலெழும் எண்ணெய்ப் படலம். துறைமுகத்துக்குச் செல்லும் லாரிச் சாலைகளில் இந்த எண்ணெய்க்குக் குறைவில்லை. ரிம்மைப் பிடிக்கும் வகைப் பிரேக்குகளில் கட்டை முதலில் நீரைத் துடைத்தெறிய வேண்டியிருப்பதால், பிடித்தபின் சக்கரம் சில சுற்றுகள் எதுவும் நடவாததுபோல் ஓடும். பழைய குரோமிய முலாம் பூசிய எஃகு ரிம்களில் இது மிக மோசம். அலுமினிய ரிம் ஓரளவு மேல். நடுவில் தட்டு வைத்த டிஸ்க் பிரேக் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது.

சங்கிலி பற்றி ஓட்டுநர்கள் கொள்ளும் கவலை அளவுக்கு மீறியது என்றே தோன்றுகிறது. உப்பளக் காற்று எஃகை அரிக்கிறது, மழை எண்ணெயைக் கழுவுகிறது, மணல் அரைக்கிறது, இவை உண்மைதான். ஆனால் நன்றாக எண்ணெயிட்ட சங்கிலி வீணாக்குவது இரண்டு மூன்று விழுக்காடுதான், கெட்டுப்போனதால் அது இரட்டித்தாலும் 110 வாட்டில் மூன்று வாட் அளவே கூடும். நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை மார்பில் வாங்குவது அதைவிடப் பல மடங்கு வீண்.

வெப்பக் கணக்கின் மறுபக்கம் எரிபொருள். 110 வாட் உழைப்பு மணிக்கு ஏறத்தாழ 410 கிலோகலோரி கேட்கிறது, 600 கி.மீ. பயணத்தில் உருளும் நேரம் 30 மணி என்றால் 12,000 கிலோகலோரிக்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு 2,000 கிலோகலோரி அளவே. குடல் மணிக்கு 60 முதல் 90 கிராம் சர்க்கரையைத்தான் ஏற்கும். மீதத்தைக் கொழுப்பு மெதுவாகத் தருகிறது. புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இதற்கு மோசமான உணவு அன்று: வெல்லம் உடனே எரியும், கடலையின் கொழுப்பு தாமதித்து வரும். குளிரில் நடுக்கம் தொடங்கினால் இந்தக் கணக்கு கலைந்துவிடும். நடுக்கம் என்பது இயக்கம் தராமல் வெப்பத்துக்காகவே தசைகள் சுருங்குவது. ஓய்வுநிலையைப்போல் சில மடங்கு ஆற்றலை அது எரிக்கும், அதில் பெரும்பங்கு அருமையான கிளைகோஜன். மேலும் மனித உடலின் வெப்பநிலை விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் இருபத்து மூன்றாம் மணியில் அந்த நேரத்தை அடைகிறார்: தூக்கமின்மை, குறைந்த சர்க்கரை, ஈர உடை, நாளின் மிகக் குளிர்ந்த காற்று ஆகியவை அங்கே ஒன்றுகூடுகின்றன. இடையில் கைவிடும் முடிவுகள் பல அந்த நேரத்தில் எடுக்கப்படுவதற்கு மனவுறுதிக் குறைவைக் காரணம் காட்டுவது உடலியலுக்கு நியாயம் செய்வதாகாது.

எந்தக் கணக்குக்கும் அடங்காத வானிலையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியின் மேலடுக்குச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தது; தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. கேரளச் சரிவின் மழைமறைவில் கிடக்கும் இந்த வறண்ட கரைக்கு வடகிழக்குப் பருவமழைதான் நீர் தருகிறது, எனவே இங்கு பெய்வதெல்லாம் சில நாள்களுக்குள் பெய்துவிடுகிறது. பிரெவேக்களுக்கு உகந்த குளிர்பருவமும் அதே மாதங்களில்தான் தொடங்குகிறது என்பது அமைப்பாளர்களின் நிரந்தரச் சங்கடம். ஓடும் நீரின் விசையும் அதன் வேகத்தின் இருமடியாக வளர்வது. முழங்காலளவு வெள்ளம் கடக்கும் பாலத்தில் மிதிவண்டியோடு இறங்குவதைத் திறமை என்று கருத இடமில்லை.

இறுதிக் கன்ட்ரோலில் முத்திரை விழுந்தபின்னும் உடல் குளிர்ந்துகொண்டிருக்கும். மிதித்தல் நின்றதால் வெப்ப உற்பத்தி குறைகிறது. வெளிப்புறத் தசைகளின் குளிர் உள்நோக்கிப் பரவுகிறது. குளிர்ந்த கைகால்களிலிருந்து இரத்தம் திரும்புகிறது. நின்ற பின் பத்து, இருபது நிமிடம் உள்ளுடலின் வெப்பநிலை மேலும் இறங்குவதைப் பின்வீழ்ச்சி என்பர். நன்றாக வந்து சேர்ந்தவர் நாற்காலியில் அமர்ந்தபின் நடுங்கத் தொடங்குவது இதனால்தான். அப்போது கையில் தரப்படும் ஒரு குவளைத் தேநீரின் பங்கையும் அளந்து பார்க்கலாம். 60 டிகிரியில் உள்ள 200 மி.லி. தேநீர் உடல்வெப்பத்துக்கு ஆறும்போது தருவது சுமார் 19,000 ஜூல். 68 கிலோ உடலை அது 0.1 டிகிரிகூட உயர்த்தாது. அதில் கலந்த 10 கிராம் சர்க்கரை எரிந்து தருவது 1,67,000 ஜூல், சூட்டைப்போல் எட்டு மடங்குக்கு மேல். இரண்டையும் விஞ்சுவது உடலில் ஒட்டியிருக்கும் ஈர உடை. அதில் தங்கிய அரை லிட்டர் நீர் உடல்மேலேயே காய்வதானால் 12 லட்சம் ஜூலைக் கேட்கும், அறுபது குவளைத் தேநீரின் சூடு முழுவதையும். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, சட்டையை முதலில் மாற்ற வேண்டும்.